கூரைக் கண்ணாடி: மருமகனுக்கு ஒரு கடிதம்

  

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் வீட்டுத் தென்னை, முற்றிய காய் ஒன்றை, உன் அப்பா ஆசை ஆசையாய் வாங்கிய மின்சாரக் காரின் கண்ணாடிக் கூரைமேல் இறக்கிவிட்டதையும், கூரை உதிர்ந்து விழாமல் நடுவிலிருந்து நாற்புறமும் விரிசல் ஓடி நிற்பதையும், பட்டறைக்காரர் ஒருவர் "கண்ணாடிதானே, மத்தியானத்துக்குள் மாற்றித் தந்துவிடுகிறேன்" என்று சொல்வதையும் எழுதி, என்ஜினீயரிங் படிக்கிற பிள்ளையாகையால் வேலை நடக்கும்போது கூடவே நின்று பார்க்க விரும்புவதாகவும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். பட்டறைக்காரர் சொன்னதில் எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. இந்தக் காரியத்தில் கண்ணாடி பாதிகூட இல்லை; அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பசையும், பசைக்கு முன்னும் பின்னும் செய்கிற சிறு சிறு கிரமங்களுமே பிரதானம். ஆகையால் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன், பொறுமையோடு படி.

முதலில், மாற்றும் நாள் வரையில் செய்ய வேண்டியவை. வண்டியை இனித் தென்னைக்கு அடியில் நிறுத்தாதே என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வெட்ட வெயிலிலும் நிறுத்தாதே. வெயிலில் காய்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் ஏ.சி.யின் குளிர்காற்றைத் திடீரென்று வீசவைத்தால், ஒரு முகம் சுருங்கவும் மறு முகம் விரிந்தபடியே நிற்கவும் முயன்று, நேற்று ஒரு சாண் இருந்த விரிசல் இன்று கூரையின் ஓரம் வரைக்கும் போய்விடும். வெளிப்புறத்தில் விரிசல்களின் மேல் அகலமான டேப்பை ஒட்டி மழைத்தண்ணீர் இறங்காமல் தடுத்து வை. உள்ளிருந்து விரலால் தடவிப் பார்க்காதே; கண்ணுக்குத் தெரியாத சிம்புகள் உதிரும். பட்டறைக்குப் போகும்போதும் மெதுவாகவே ஓட்டச் சொல், ஏனெனில் விரைந்து ஓடும் வண்டியின் கூரையைக் காற்று கீழே அழுத்துவதில்லை, மேல்நோக்கி இழுக்கிறது.

உதிராமல் நின்றதிலிருந்தே உங்கள் கூரை எந்த ஜாதிக் கண்ணாடி என்பது விளங்குகிறது. வாகனங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சி, இரு புறமும் காற்றைப் பீய்ச்சி விரைவில் குளிரவைத்த கண்ணாடி; அதன் மேற்பரப்பு எப்போதும் அமுக்கத்திலும் உட்பகுதி எப்போதும் இழுவிசையிலும் இருப்பதால், அது சாதாரணக் கண்ணாடியைவிடப் பன்மடங்கு அடி தாங்கும்; ஆனால் எங்கேனும் ஓரிடத்தில் அந்த மேற்பரப்பு ஊடுருவப்பட்டுவிட்டால் முழுவதும் ஒரே க்ஷணத்தில் மழுங்கிய சிறு துண்டுகளாகிக் கொட்டிவிடும். மற்றொன்று, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பாலிவினைல் ப்யூட்டிரால் என்னும் பிசினேட்டை வைத்து உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டியது; உடைந்தாலும் துண்டுகள் அந்த ஏட்டைவிட்டு அகல்வதில்லை. 1903ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ரசாயனி எடுவார் பெனெடிக்டஸ் என்பவருடைய பரிசோதனைச் சாலையில், உயரத்திலிருந்து விழுந்த குடுவை ஒன்று விரிசல் கண்டும் சிதறாமல் கிடந்ததாம். அதற்குள் முன்பு வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் உலர்ந்து உட்சுவரில் படிந்து நின்றதே காரணம் என்று அவர் கண்டுகொண்டு, மோட்டார் விபத்துகளில் கண்ணாடியால் காயமுற்றவர்களின் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த பிறகு அதையே ஒரு தொழிலாக்க முனைந்து, 1909இல் உரிமைப் பத்திரம் பெற்றார். உன் அப்பாவின் மடியில் தேங்காய் விழாமல் தடுத்ததில் அந்தக் குடுவைக்குப் பங்கு உண்டு. வெளித்தகட்டில் மட்டும் சிறு பொட்டாக ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தால் பிசின் ஏற்றிச் சரிசெய்து பார்க்கலாம். நாற்புறமும் ஓடிய விரிசலுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மின்சாரக் காருக்கும் கண்ணாடிக் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்கக்கூடும். பேட்டரி முழுவதும் தரைக்கு அடியில் பலகையாகப் பரப்பப்படுவதால் தரை சில அங்குலம் உயர்ந்துவிடுகிறது. அதற்கு ஈடாக மேலே இரும்புத் தகடும் அதன் கீழுள்ள சட்டங்களும் விரிப்பும் அடைத்துக்கொள்ளும் கனத்தை நீக்கி ஒரே கண்ணாடியைப் பதித்தால், உட்கார்ந்திருப்பவர் தலைக்குமேல் இடம் மிஞ்சுகிறது. பார்வைக்கும் விசாலமாக இருக்கிறது. 2017இல் வெளிவந்த டெஸ்லா மாடல் 3 முதல், 2024இல் சென்னையில் அறிமுகமான மகிந்திரா பி.இ. 6 வரையில் பலவற்றில் இந்த ஏற்பாட்டைக் காணலாம். நம்முடையதைப் போன்ற வெயில் தேசத்தில் தலைக்குமேல் கண்ணாடியை வைத்துவிட்டு, அதன் வழியே இறங்கும் உஷ்ணத்தைப் பேட்டரியின் சக்தியைச் செலவிட்டு வெளியேற்றுவது என்ன விவேகம் என்பது என் கட்சி. உன் அப்பா இதை ஒப்பமாட்டார், அவரிடம் சொல்லாதே.

பழைய ஓட்டு வீடுகளில், வெளிச்சத்துக்காகச் சமையலறைக் கூரையில் கண்ணாடி ஓடு ஒன்று செருகியிருப்பார்கள். அது உடைந்தால் ஏணி வைத்து ஏறி, உடைந்ததை உருவிவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். மற்ற ஓடுகளுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. காரின் கூரை அவ்விதமன்று. சுற்றிலும் பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்பட்டிருப்பதால், மேடுபள்ளத்தில் வண்டியின் உடல் முறுக்கப்படும்போதெல்லாம் அந்த முறுக்கில் ஒரு பங்கைக் கண்ணாடியும் ஏற்றுக்கொள்கிறது. பசை சரியாகப் பிடிக்காவிட்டால் மழை இறங்குவது மட்டுமன்று, உடலின் விறைப்பும் குறையும். திறந்து மூடும் சன்ரூஃப் வேறு ஜாதி. அதன் கண்ணாடியைத் திருகுகளால் சட்டத்தில் பிணைத்து, தண்ணீர் வடிய மூலைகளில் குழாய் வைத்திருப்பார்கள். நான் எழுதுவது உங்களுடையதைப் போன்ற அசையாக் கூரையைப் பற்றி.

புதுக் கண்ணாடியை அளவைப் பார்த்து வாங்கக் கூடாது. வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து வாங்க வேண்டும். ஒரே மாதிரி வண்டியிலும் ஒரு வருஷத்துக் கூரைக்கும் மறு வருஷத்துக் கூரைக்கும் வித்தியாசம் இருக்கலாம். நல்ல கூரைக் கண்ணாடிகளின் தகடுகளுக்கு இடையே அகச்சிவப்புக் கதிரைத் திருப்பியனுப்பும், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பூச்சு இருக்கும். அது இல்லாத மலிவுக் கண்ணாடி கறுப்பாகவே தோன்றும், அளவிலும் பொருந்தும். ஆனால் சித்திரை மாதத்தில் அதன் குணம் தெரிந்துவிடும். மூலையில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படித்துப் பார்: தயாரித்தவர் பெயர், ஏடு ஒட்டிய கண்ணாடி என்னும் குறிப்பு, இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 2553 அல்லது ஐரோப்பிய முத்திரை, இவை இருக்க வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக் காப்பீடு இருந்தால், கழற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குத் தெரிவித்து, சர்வேயர் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதி கழித்துவிடுவார்கள், ஆகையால் ஓரத்து ரப்பர்ப் பீடிங்கின் கணக்கைத் தனியே பார்த்துக்கொள். இழப்பீடு கேட்டால், அதைத் தடுக்கும் தனி ஏற்பாடு பாலிசியில் இல்லாத பட்சத்தில், அடுத்த வருஷத்து நோ கிளைம் போனஸ் போய்விடும். ஆயினும் கூரைக் கண்ணாடியின் விலைக்கு முன் அது பெரிய தொகையாக இராது.

இனி வேலைக்கு வருகிறேன். இருக்கைகளைப் போர்வையால் மூடியபின், உட்புறத்து ஓரப் பட்டைகளையும் கைப்பிடிகளையும் வெயில் மறைப்புகளையும் கழற்றி மேல் விரிப்பின் ஓரத்தைத் தாழ்த்துவார்கள். அந்த ஓரச் சட்டங்களில்தான் பக்கவாட்டுக் காற்றுப்பைகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே முதற்காரியமாக வண்டியை அணைத்து, சிறிய 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, கம்பெனிப் புத்தகம் சொல்லுகிற நேரம் காத்திருக்க வேண்டும். உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிற கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் தரைக்கு அடியிலும் முன்புறத்திலும் இருப்பவை. கூரை வேலையில் அவற்றைத் தொட வேண்டிய நியாயமே இல்லை.

அடுத்தது அறுப்பு. கத்தியை வைத்து நெம்புகிறவரிடம் உன் வண்டியை விடாதே. நல்ல வேலைக்காரர் ஊசியால் பசையில் ஒரு துளையிட்டு, அதன் வழியே உறுதியான இழைக் கயிறு ஒன்றைக் கோத்து, ஒருவர் உள்ளும் ஒருவர் வெளியுமாக நின்று கண்ணாடியின் ஓரத்தை ஒட்டியே இழுத்து இழுத்து அறுத்துக்கொண்டு சுற்றி வருவார். கயிறு பெயின்டைச் சுரண்டுவதில்லை. கண்ணாடியைத் தூக்கியபின் சட்டத்தில் தங்கியிருக்கும் பழைய பசையை முழுவதும் சுரண்டி இரும்பைக் காட்டுவதே சுத்தம் என்று உனக்குத் தோன்றும், அது தவறு. உறுதியாய்ப் பிடித்திருக்கும் பழைய பசையை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சமமாகச் சீவி விட்டுவிட வேண்டும். புதுப் பசைக்கு அதைப் போன்ற ஆதாரம் வேறில்லை. பெயின்டில் எங்கேனும் கீறல் விழுந்திருந்தால் மட்டும் அவ்விடத்தில் பிரைமர் தடவ வேண்டும். தடவாமல் மூடிய கீறலில் துரு தொடங்கி, பசைக்கு அடியிலேயே பரவி, இரண்டு மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு பசையைப் பெயர்த்துவிடும். அப்போது குற்றம் யாருடையது என்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புதுக் கண்ணாடியின் ஓரத்தில் சுற்றிலும் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கும். அலங்காரத்துக்காக என்று எண்ணாதே. சூரியனுடைய புற ஊதாக் கதிர் பசையை அரித்துவிடாதபடி காப்பதற்காகச் சுட்டுப் பதித்த பூச்சு அது. அந்தப் பட்டையைத் துடைத்து, அதன்மேல் பிரைமரை ஒரே திசையில் ஒரே இழுப்பாகப் பூசி, உலர விட வேண்டும். பட்டறைகளில் அவசரத்துக்குப் பலியாகிறது பெரும்பாலும் இந்த ஒரு படிதான், ஏனெனில் இதைச் செய்தாரா இல்லையா என்பது ஒட்டியபின் யார் கண்ணுக்கும் தெரியாது. 2020 நவம்பரில் டெஸ்லா கம்பெனி, 2016ஆம் வருஷத்து மாடல் எக்ஸ் வண்டிகளில் 9,000க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. கூரைமேல் ஒட்டியிருந்த அலங்காரப் பட்டைகள் பிரைமர் இல்லாமல் ஒட்டப்பட்டிருந்ததால் ஓடும்போதே பெயர்ந்து பறக்கக்கூடும் என்பதே காரணம். தொழிற்சாலையிலேயே இப்படி நேருமானால், மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்கிறவரிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பசையைப் பிழியும் துப்பாக்கியின் மூக்கில் முக்கோண வடிவமாக ஒரு வெட்டு இருக்கும். அதன் வழியே வரும் பசை, அடி அகன்று நுனி குறுகி, ஒரு சிறு கரைபோல் நிமிர்ந்து நிற்கும். அந்தக் கரை எங்கும் ஒரே உயரமாக, இடையில் அறுந்துபோகாமல், தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்து ஒன்றின்மேல் ஒன்று அமர வேண்டும். ஓரிடத்தில் கை தயங்கினாலும் அங்கே தண்ணீருக்கு வழி உண்டாகும். பிறகு தாமதம் கூடாது. காற்று பட்ட சில நிமிஷங்களுக்கெல்லாம் பசையின் மேல் ஆடை கட்டத் தொடங்கும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணங்களால் இருவர் கண்ணாடியைத் தூக்கி வந்து, ஒரு முறை வைத்தால் வைத்ததுதான் என்னும்படி நேராக இறக்கி, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா, பக்கத்துத் தகட்டோடு மட்டமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, டேப்பால் கட்டி விடுவார்கள்.

இதன் பிறகுதான் உன் அப்பாவின் பொறுமைக்குச் சோதனை. இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உண்டு இறுகுவது. வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி, ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் ஆழமே இறுகும். நாம் நாள்தோறும் வைதுகொண்டிருக்கும் கடற்கரை ஊர்ப் புழுக்கம் இந்த ஒரு காரியத்துக்கு அனுகூலம். எத்தனை மணி நேரத்துக்குப் பின் வண்டியை எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை மாறும். பட்டறைக்காரர் வாய்வார்த்தையை விடுத்து, பசைக் குழாயோடு வரும் தாளில் அன்றைய உஷ்ணத்துக்கும் ஈரத்துக்கும் என்ன போட்டிருக்கிறது என்று பார். முதல் நாள் முழுவதும் ஜன்னல் ஒன்றை ஒரு விரற்கடை இறக்கியே வைத்திருங்கள். எல்லாம் மூடியிருக்கையில் கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று, பசை இன்னும் இறுகாத கண்ணாடியை மேலே தள்ளும். சில நாட்களுக்கு வாட்டர் சர்வீஸ் பக்கமே போகாதே.

இறுகிய பின் ஒரு பரீட்சை மட்டும் பாக்கி. விரிப்பின் ஓரத்தைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பாகவே, நீ டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார்ந்துகொள்; வெளியே ஒருவர் தோட்டத்துக் குழாயால், பீய்ச்சாமல், தாழ்ந்த ஓரத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலேறித் தண்ணீர் விடட்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கும் நனைந்து, கசிவு எந்த இடம் என்பது தெரியாமற் போகும். ஒரு துளி கசிந்தாலும் அப்போதே சொல்லிவிடு. மின்சாரக் காரில் தரை விரிப்புக்கு அடியிலும் இருக்கைக்கு அடியிலும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இணைப்புகளும் இருப்பதால், இறங்கிய தண்ணீர் நாற்றத்தோடு நிற்பதில்லை. பில்லில் கண்ணாடியின் எண்ணையும், பசை, பிரைமர் இவற்றின் பெயரையும் காலாவதித் தேதியையும், கசிவுக்கு எத்தனை நாள் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்கி ஆர்.சி.யோடு சேர்த்து வை. வேலை எந்தத் தேதியில் என்று எழுதினால், முடிந்தால் நானும் வந்து நிற்கிறேன்.

உன் தாயாரை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் மாமா