சுரண்டும் முன் பார்

தம்பி,

பழைய புல்லட் 350 ஒன்று கரி எடுக்க உன் பட்டறைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி. 1955-இல் சென்னையில் தொடங்கிய புல்லட்டின் வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின் உற்பத்தி 2010-ஐ ஒட்டி நின்றுபோனது. ஓடிக்கொண்டிருப்பவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு இனி உன் வயதுக்காரர்களுடையது.

ஏற்றத்தில் நாக்கிங், சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓரிரு முறை அடித்துவிட்டு நிற்பது, இரண்டையும் வைத்துக் கரிதான் என்று முடிவு செய்திருக்கிறாய். சரியாக இருக்கலாம். படிந்த கரி எரியறையின் இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும். அதில் ஒரு துணுக்கு தணலானால் ப்ளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். ஆனால் டைமிங் முன்னே போயிருந்தாலும் நாக்கிங் வரும். பாயிண்டையும் டைமிங்கையும் பார்த்த பிறகு ஹெட்டில் கை வை. அதுவும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட் வளையும்.

கழற்றியதும் எதையும் சுரண்டாதே. வெளிச்சத்தில் வைத்துப் பார். இந்த வேலையில் நான் பெரிதாக மதிப்பது இந்தச் சில நிமிடங்களைத்தான். கரி மைபோல உலர்ந்து, தொட்டால் விரலில் ஒட்டினால் பெட்ரோல் அதிகம் போகிறது: சோக் முழுதாகத் திறக்கவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டரின் நீடில் ஜெட் தேய்ந்திருக்கிறது. ஈரமாகப் பிசுபிசுத்தால் ஆயில். அது எந்த வழியாக வருகிறது என்பதும் தெரியும். பிஸ்டன் தலையின் விளிம்பு மட்டும் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்றிருந்தால் ரிங் வழியாக ஏறுகிறது. இன்டேக் வால்வின் முதுகில் கரி தடித்திருந்தால் வால்வு கைடைச் சந்தேகப்படு. சுரண்டிவிட்டால் இந்தத் தடயம் எதுவும் மிஞ்சாது.

பிறகு பிஸ்டனை மேலே கொண்டுவந்து, புஷ்ராடு துளைகளைத் துணியால் அடை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கிரீஸ் தடவு. உதிரும் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கூராகச் சீவிய மூங்கிலாலோ பித்தளைத் தகட்டாலோ எடு. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அலுமினியத்தில் விழும் ஒவ்வொரு கீறலும் அடுத்த கரிக்குப் பிடிமானம். எமரித் தாளும் வேண்டாம், அதன் மணல் சிலிண்டரைத் தின்னும்.

தேய்ந்த எஞ்சினாக இருந்தால், பிஸ்டன் விளிம்பில் மெல்லிய வளையமாகக் கரியை விட்டுவிடுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். ஆயில் மேலேறுவதை அது ஓரளவு தடுக்கும். பழைய ரிங் ஒன்றைப் பிஸ்டன் தலையில் வைத்து அதற்கு உட்புறம் மட்டும் சுரண்டுவார்கள். முழுக்கப் பளபளவென்று ஆக்கினால்தான் வேலை என்று நினைக்காதே.

காஸ்டிக் சோடா இரும்பு சைலன்சருக்கு மட்டும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. அலுமினியத்தை அது அரித்துவிடும். ஓடும் எஞ்சினில் கார்புரேட்டர் வழியாகத் தண்ணீர் விடும் குறுக்குவழியை யார் சொன்னாலும் கேட்காதே. பெயர்ந்த துண்டு எக்ஸாஸ்ட் வால்வில் சிக்கும். தண்ணீர் கூடிப்போனால் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளையும்.

வால்வுகளைப் பேஸ்ட் போட்டு அரைத்து உட்கார்த்தியதும் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிக் கசிவு பார். புதிய கேஸ்கட் வைத்து, நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கு. டேப்பட்டை எஞ்சின் ஆறியிருக்கும்போது வை: புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு, கரி வந்த காரணத்தைச் சரிசெய்யாமல் வண்டியை அனுப்பாதே. கைடு தேய்ந்திருந்தால் வண்டிக்காரரிடம் வெளிப்படையாகச் சொல். இப்போது பணமில்லை என்று அவர் சொன்னால் பில்லிலாவது எழுதிக்கொடு.