கொன்றவனை அப்படியே விட்டுவிடு

திருவண்ணாமலை,
ஐப்பசி, பௌர்ணமிக்கு மறுநாள்

அன்புள்ள மாணவிக்கு,

நேற்றிரவு கிரிவலத்தில் நீ கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கூட்டம் ஒரு காரணம், முழங்கால் இன்னொரு காரணம். பதினான்கு கிலோமீட்டரில் ஈசானிய லிங்கத்தை எட்டும்போது எனக்குத் தமிழும் மறந்துவிடும். உட்கார ஒரு திண்ணை கிடைத்தால் போதும் என்றிருக்கும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உன் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கேள்வி என்பதைவிட உன் முகம் என்று சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டி மேடையில் “ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்” என்று நீ சொன்னதும் நடுவர் கையை உயர்த்தி, “தவறு. ஆயிரம் வேரைக் கொண்டவன் என்பதுதான் சரி” என்று மதிப்பெண்ணைக் குறைத்தாராம். “எது சரி ஐயா?” என்று கேட்டாய்.

நீ சொன்னதுதான் சரி. நடுவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் ஒரு கடிதம் அவருக்கும் போய்விடும்.

இந்த ‘உண்மைப் பொருள்’ வியாபாரம் என்னை வெகு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. திருமண மேடை, பட்டிமன்றம், கைபேசிக் காணொளி என்று எங்கு பார்த்தாலும் ஒருவர் எழுந்து, “பழமொழிகளை நாம் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்” என்று ஆரம்பிக்கிறார். ஓர் எழுத்தை மாற்றுகிறார். உடனே கைதட்டல். பேர் வேராகிறது. ஆறு அகமாகிறது. சட்டி சஷ்டியாகிறது. குதிரை குதிராகிறது. எழுத்தை மாற்றினால் பொருள் மாறும் என்பது உண்மைதான். அப்படி மாறிய பொருள்தான் பழையது என்பதற்குச் சாட்சி எங்கே? அதை யாரும் கேட்பதில்லை.

முதலில் உன் வைத்தியனைப் பார்ப்போம். பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1874இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. ஹெர்மன் ஜென்சன் என்ற டேனிஷ் பாதிரியாரின் தொகுப்பு 1897இல் வந்தது. நம் ஊர் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான். இந்த இருவரும் பண்டிதர்களின் நாகரிகத்துக்காகச் சேர்த்தவர்கள் அல்லர். சந்தையிலும் வயலிலும் சமையல்கட்டிலும் புழங்கியதையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் புரட்டிய பழைய தொகுப்புகளில் கொன்றவன் கொன்றவனாகவேதான் இருக்கிறான். வேர் பறிக்கிறவனை அங்கே நான் சந்திக்கவில்லை.

அச்சுப் புத்தகத்தை நம்பமாட்டேன் என்கிறவர்களுக்கு வேறொரு சாட்சி வைத்திருக்கிறேன். வடமொழியில் இதே கேலி இருக்கிறது: நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன் ஆவான், ஆயிரம் பேரைக் கொன்றவன் சிகிச்சை நிபுணன் ஆவான் என்று. அங்கே கொல்லுதலைக் குறிக்கும் சொல்லே நேராக நிற்கிறது. பேருக்கும் வேருக்கும் உள்ள ஓரெழுத்து வேறுபாடு தமிழில்தான் உண்டு. வடமொழியில் அந்தச் சித்து பலிக்காது. வைத்தியரை யமனுக்கு அண்ணனாக்கி, யமன் உயிரை மட்டும் எடுக்கிறான், நீயோ உயிரோடு பணத்தையும் எடுக்கிறாய் என்று கும்பிடுகிற சுலோகம் ஒன்றும் உண்டு. ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் பிளினி இதையே பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: மருத்துவர்கள் நம் ஆபத்தில் பாடம் படிக்கிறார்கள், நம் சாவில் சோதனை செய்கிறார்கள் என்று. நோயாளி இருக்கிற ஊரிலெல்லாம் இந்தச் சிரிப்பு இருந்திருக்கிறது. தமிழனுக்கு மட்டும் அது கூடாதா?

அடுத்தது நாய். “கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.” இது பைரவர் சந்நிதியில் இருக்கும் கல் நாயைப் பற்றியதாம், சிற்பமாகப் பார்த்தால் கல் மறைகிறதாம், கல்லாகப் பார்த்தால் நாய் மறைகிறதாம். திருமந்திரத்தில் மரத்தால் செய்த யானையை வைத்து அப்படி ஓர் ஆழமான பாட்டு இருக்கிறது, மறுக்கவில்லை. யாரோ அந்த யானையைக் கொண்டுவந்து இந்த நாயின் மேல் ஏற்றிவிட்டார்கள். நேற்றிரவு கிரிவலப் பாதையில் இரண்டு நாய்கள் நம்மைப் பார்த்து உறுமினவே, அப்போது நீ குனிந்து தரையில் எதைத் தேடினாய்? தத்துவத்தையா?

இங்கே ஒரு கதை சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பாரசீகக் கவி ஷேக் ஸாதி 1258இல் எழுதிய ‘குலிஸ்தான்’ நூலில் வருகிறது. ஒரு புலவன் திருடர் தலைவனிடம் போய்ப் புகழ்ந்து பாடுகிறான். தலைவன் பரிசு கொடுக்காமல் அவன் அங்கியை உருவிக்கொண்டு குளிரில் விரட்டிவிடுகிறான். நாய்கள் துரத்துகின்றன. புலவன் குனிந்து கல்லை எடுக்கப் பார்க்கிறான். உறைபனியில் கல் தரையோடு இறுகிக் கிடக்கிறது. “என்ன மனிதர்களடா இவர்கள், நாயை அவிழ்த்துவிட்டுக் கல்லைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்!” என்று அவன் திட்டியதைக் கேட்டுத் திருடனே சிரித்துவிட்டானாம். நாற்பது வருடத்துக்கு முன் இதை முதல் தடவை படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஸாதியின் ஷீராஸ் எங்கே, திருவண்ணாமலை எங்கே! நாயும் கல்லும் ஒரே நேரத்தில் கிடைக்காத கஷ்டம் ஒன்றேதான்.

இனி மண் குதிரை. இதில் நான் கொஞ்சம் நீளமாகப் போவேன், பொறுத்துக்கொள். “மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே” என்பதில் குதிரை இல்லையாம், ‘மண் குதிர்’தானாம், ஆற்று நடுவே இருக்கும் மணல்மேடாம். நான் பெண்ணையாற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவன். ஆற்றின் நடுவே மணல் மேடிட்டிருந்தால் திட்டு என்போம், மேடு என்போம். குதிர் என்று ஒரு கிழவி சொல்லிக்கூட நான் கேட்டதில்லை. குதிர் என்பது வீட்டுக்குள் நெல் கொட்டி வைக்கிற, ஆள் உயரத்து மண் கூடு. நம்பாவிட்டால் இன்னொரு பழமொழியையே கேள்: “எங்கப்பன் குதிருக்குள் இல்லை.” கடன்காரன் வந்தபோது அப்பன் ஒளிந்துகொண்டது ஆற்று மணல்திட்டிலா?

மண் குதிரை என்றால் என்ன என்று தெரியாதவர்கள்தான் இந்தத் திருத்தத்தைச் செய்திருக்க வேண்டும். நம் பக்கத்துக் கிராமங்களில் ஐயனாருக்கும் முனீசுவரனுக்கும் நேர்ந்துகொண்டு வைத்த குதிரைகளை நீ பார்த்திருப்பாய். கழுத்தில் மணிமாலை, நெற்றியில் பட்டை, பிதுங்கிய கண், கோபத்தில் விரிந்த மூக்கு. உயிருள்ள எந்தக் குதிரையும் அத்தனை கம்பீரமாக நிற்காது. எங்கள் ஊரில் ஒரு வேளார் இருந்தார். நான்கு கால்களையும் தனித்தனிக் குழாயாகச் செய்து நிறுத்துவார், வைக்கோலும் உமியும் கலந்த மண்ணால் வயிற்றை மேலே மேலே எழுப்புவார், தலை கடைசியில். உள்ளே எல்லாம் வெற்றிடம். ஒரு வருடம் சூளை வைக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஓலைத் தடுக்கு மூடியும் பயனில்லை. மறுநாள் காலை நாங்கள் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்த்தோம். கால்கள் கரைந்து சேறாகிவிட்டன. வயிறு உட்கார்ந்துவிட்டது. தலை மட்டும் அந்தச் சேற்றுக்கு மேலே, மூக்கு விரிந்தபடி, பழைய மிடுக்கோடு இருந்தது. வேளார் ஒன்றும் பேசாமல் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

இந்தப் பழமொழியைச் செய்தவன் அதைப் பார்த்தவன். பார்வைக்குக் குதிரைகளிலேயே சிறந்த குதிரை, தண்ணீர் பட்டால் காலே இல்லை. நம்பக்கூடாத ஆளுக்கு இதைவிட வேறு என்ன உவமை வேண்டும்? அதை எடுத்துவிட்டு மணல்மேட்டை வைத்தால் பொதுப்பணித் துறையின் எச்சரிக்கைப் பலகைதான் மிஞ்சும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு”: வீணாகப் போகிறதற்கும் கணக்கு வேண்டும் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஆற்றை அகமாக்கி, வீட்டில் அளந்து போடு என்று சொல்ல ஒரு பழமொழியா வேண்டும்? “சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்”: சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்பதாம். சஷ்டி தமிழில் சட்டி ஆகும், சரி. கருப்பையை ‘அகப்பை’ என்று எந்த மருத்துவச்சி சொன்னாள்? “அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்”: இது இறைவன் திருவடியாம். இல்லை அம்மா, இது பிரம்படிதான். எனக்குத் தெரியும்; முப்பது வருடம் மேசை மேல் பிரம்பு வைத்துக்கொண்டு இதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இன்று வெட்கமாக இருக்கிறது. திருவடி என்று மாற்றிச் சொன்னால் அந்த வெட்கம் சுலபமாகத் தீர்ந்துவிடும். அதனால்தான் மாற்றக்கூடாது என்கிறேன்.

இந்தத் திருத்தங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார். கொலை மூலிகையாகிறது, தெருநாய் தத்துவமாகிறது, சோற்றுச்சட்டி விரதமாகிறது, அடி பக்தியாகிறது. ஒன்றுகூட எதிர்ப்பக்கம் போகவில்லை. நம் பாட்டன் பாட்டியர் கேலி பேசியிருக்கக்கூடாது, கோபப்பட்டிருக்கக்கூடாது, அவர்கள் வாயிலிருந்து உபதேசம் மட்டுமே வந்திருக்க வேண்டும் என்று நமக்கு ஆசை. சேலை கட்டிய மாதரை நம்பாதே என்பதைச் ‘சேல் அகட்டிய’ என்று பிரித்து, கண்ணை அகட்டிப் பார்க்கிற சிலரை மட்டும்தான் சொன்னார்கள் என்று காப்பாற்றப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அது பெண்ணை இழிவு செய்கிற பேச்சு. நம் முன்னோர் அப்படியும் பேசினார்கள். ஏட்டில் இருக்கட்டும், நாம் சொல்லாமல் விடலாம்.

பழமொழி மாறவே மாறாது என்று நான் சொல்வதாக நினைக்காதே. மாறும், ஆனால் தடம் விட்டுவிட்டு மாறும். முன்றுறை அரையனாரின் ‘பழமொழி நானூறு’ நூலில் தன் வாயால் கெடுவது நுணல், அதாவது தேரை. இன்று அது தவளையாகிவிட்டது. பழைய சொல் வழக்கிழந்தது, தெரிந்த சொல் வந்து உட்கார்ந்தது, பொருள் அசையவில்லை. பொருளே தலைகீழாவதும் உண்டு. சீனர்களிடம் நான்கு எழுத்து மரபுத்தொடர்கள் ஏராளம். அவற்றில் ஒன்று, பொந்து இருந்தால் காற்று வரும் என்பது; நெருப்பில்லாமல் புகையாது என்று நாம் சொல்கிற அதே பொருளில் தோன்றியது. பிற்காலத்தார் அதை ‘ஆதாரமே இல்லாத வதந்தி’ என்று நேர் எதிராகப் புழங்கினார்கள். பண்டிதர்கள் கத்தித் தீர்த்தார்கள்; கடைசியில் அவர்களுடைய அகராதியே புதிய பொருளையும் ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்திலோ நம் நோயே இருக்கிறது. ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டியானது என்ற பழைய சொலவடைக்கு, உறவைவிட உடன்படிக்கையே பெரிது என்று பொருள்படும் ஒரு நீண்ட ‘மூல வடிவம்’ கட்டிவிட்டார்கள். பழைய ஏடு எதிலும் அதற்குச் சாட்சியில்லை.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டே. அடுத்த மாதம் தீபத்தன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர உச்சியில் சுடர் எழும்போது ஊரே “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று அதிரும். மறுநாள் அதே வாய், “சீட்டுப் பணம் அரோகரா” என்று சொல்லும். ஹரன் பெயர் தொலைந்துபோனதற்குப் பெயரானது எப்படி என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வருத்தப்படவில்லை. போனதைச் சாமிக்கே விட்டுவிட்டோம் என்ற பொருள் அதிலும் ஒளிந்திருக்கிறது. அதைத் தெரு செய்தது. தெரு செய்வதற்கும் மேடையில் ஒருவர் உட்கார்ந்து செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இத்தனை பக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி யாராவது உன்னிடம் “உண்மைப் பொருள்” என்று ஆரம்பித்தால் இரண்டே கேள்வி கேள். இந்த வடிவம் எந்தப் பழைய ஏட்டில் இருக்கிறது? நீங்கள் சொல்கிற அந்தச் சொல்லை, அந்தத் தொழில் செய்கிறவர்கள் வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மரியாதையாகவே கேள், நான் கேட்கிற தொனியில் வேண்டாம்.

தை மாதப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னார். அதே பழமொழியைச் சொல். பேரைக் கொன்றவன் என்றே சொல். மதிப்பெண் போனால் போகட்டும். பெர்சிவல் தொகுப்பை நீ எடுத்துப்போய் நான்கு மாதம் ஆகிறது. தீபத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டுவா.

அன்புடன்,
உன் தமிழாசிரியர்