கயிறு கட்டி இழுக்கலாமா?

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு 70 கிலோமீட்டர் போல இருக்கும். மாமா ஸ்கூட்டரில் போனார். மச்சான் மோட்டார் சைக்கிளில் போனான். சந்திரகிரி அருகே ஸ்கூட்டர் நின்றுவிட்டது. பொழுது சாயும் நேரம்.

"மாமா, எங்கிட்ட கயிறு இருக்கு. என் வண்டியில கட்டி இழுத்துடறேன். நீங்க ஹாண்டிலைப் பிடிச்சுக்குங்க, போதும்."

"போலீஸ் பிடிச்சா?"

மாமாவுக்குப் போலீஸ் பயம். நமக்கு அவர் உயிரைப் பற்றிய பயம்.

காருக்கு நாலு சக்கரம். இழுத்தால் சாயாது. ஸ்கூட்டருக்கு இரண்டே சக்கரம். கயிறு தளரும், பிறகு வெடுக்கென்று இழுக்கும். அந்த ஒரு வெடுக்கில் ஹாண்டில் திரும்பிவிடும். முன்னால் போகிறவர் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர் மோதுவார். இறக்கத்தில் இன்னும் மோசம். பின்வண்டி வேகமாக வரும். தளர்ந்த கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். திருமலையிலிருந்து இறங்கும் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். 1944-இல் திறந்த பாதை அது. எத்தனை வளைவுகள்! அங்கே கயிறு கட்டி இறங்க முடியுமா?

இருட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எஞ்சின் ஓடாவிட்டால் பல வண்டிகளில் முன்விளக்கு எரியாது. இரண்டு வண்டிக்கும் நடுவே கயிறு இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது. குறுக்கே வருகிறவர் அதில் மாட்டிக்கொள்வார்.

சிலர் பின்வண்டியைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே போவார்கள். அதுவும் வேண்டாம். ஒரு காலை நீட்டிக்கொண்டு எப்படி ஒழுங்காக பிரேக் பிடிப்பது?

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே இது பற்றி இருந்தது. பழுதான வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப் அல்லது பெட்ரோல் பங்க் வரைதான் இழுக்கலாம் என்று அவை சொல்லின. இழுபடும் வண்டியில் இருப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டியிருந்தது. நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று இருந்தது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. 2017-இல் புதிய விதிகள் வந்தன. அவற்றிலும் கட்டுப்பாடு உண்டு. 'நான் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. ஹெல்மெட்டும் போட வேண்டும்.

பிறகு என்னதான் செய்வது? முதலில் வண்டியைச் சாலையை விட்டு ஓரமாகத் தள்ளுங்கள். அடையாளத்துக்குக் கல் வைத்தால், போகும்போது அதை எடுத்துவிடுங்கள். நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கல்லில் அடுத்தவர் விழுவார். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் செய்து உதவி கேட்கலாம். அடிபட்டிருந்தால் 108.

மாமா மெக்கானிக்குக்குப் போன் செய்தார். அவர் குட்டி யானை எனும் சின்ன லாரியை அனுப்பினார். வாடகை கொஞ்சம் அதிகம்தான். கேட்டதும் மச்சான் முகம் சுளித்தான்.

ஏற்றுவதிலும் முறை உண்டு. முன்சக்கரம் லாரியின் முன்பலகையில் முட்டி நிற்க வேண்டும். ஹாண்டிலின் இரண்டு பக்கமும் கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் வளைவில் சாயும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, பழைய சைக்கிள் டியூபால் கட்டலாம். லாரியின் பின்விளக்கும் நம்பர் பலகையும் மறையக் கூடாது. வெளிநாடுகளில் சிலர் வீடு போன்ற பெரிய வண்டியில் ஊர் சுற்றுவார்கள். அதன் பின்னால் இரும்புத் தாங்கி வைத்து, அதில் ஸ்கூட்டரை ஏற்றிக் கட்டுவார்கள். அவர்களும் விளக்கை மறைக்கக் கூடாது.

"நான் பின்னாடி ஏறி ஸ்கூட்டரைப் பிடிச்சுக்கறேன்" என்றார் மாமா.

"ஐயா, சரக்கு ஏத்துற இடத்துல ஆள் ஏறக்கூடாது. முன்னாடி வாங்க" என்றார் டிரைவர்.

பேசிப் பாருங்கள்: உங்கள் ஊரில் வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

எழுதிப் பாருங்கள்: உங்கள் மெக்கானிக்கின் பெயர், போன் எண், 1033, 108. அந்தச் சீட்டை வண்டிப் பெட்டியில் வையுங்கள்.