வாடிக்கையாளர் மாறினால் கடையும் மாற வேண்டும்



அக்கம்பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நாம் கடையில் சரக்கு வைக்கிறோம். முப்பது ஆண்டுகளில் அந்த அக்கம்பக்கமே மாறிவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவின் புறநகர் ஒன்று இதற்குப் பாடமாக இருக்கிறது.

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு வடகிழக்கே உள்ளது குவின்னெட் கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. 1970-ல் அங்கே சுமார் 72 ஆயிரம் பேர் இருந்தனர். 1990-ல் அது 3 லட்சத்து 53 ஆயிரம். 2020-ல் 9 லட்சத்து 57 ஆயிரம்.

எண்ணிக்கையோடு மக்களும் மாறினார்கள். 1990-ல் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். 2020-ல் வெள்ளையர் சுமார் 32 சதவீதம், கறுப்பினத்தவர் 27, லத்தீன் அமெரிக்க வழியினர் 23, ஆசியர் 13. அட்லாண்டாவில் வேலைவாய்ப்பு பெருகியதும், 1996 ஒலிம்பிக் போட்டிக்கான கட்டுமானப் பணிகளும் பலரை அப்பகுதிக்கு இழுத்தன.

இனி வியாபாரத்துக்கு வருவோம். அங்கே 1984-ல் குவின்னெட் பிளேஸ் என்ற பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. 1999-ல் அதே கவுண்டியில் அதைவிடப் பெரிய வளாகம் வந்ததும் கூட்டம் அங்கே போயிற்று. பழைய வளாகத்தின் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. 2021-ல் வளாகத்தின் பெரும்பகுதியைக் கவுண்டி நிர்வாகமே விலைக்கு வாங்கியது. ஊரில் மக்கள் பெருகியும் வளாகம் நொடித்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அதே வளாகத்தில் காலியான ஓர் இடத்தில் 2010-ல் மெகா மார்ட் என்ற கொரிய மளிகைக்கடை திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் கொரியர்களின் கடைகள் பெருகின. அப்பகுதியில் கொரியர் நடத்தும் பெரிய காய்கறிக் கடைகளில் மெக்சிகோ மிளகாயும் கிடைக்கும். தம் இனத்தாரை மட்டும் நம்பி அவர்கள் கடை வைக்கவில்லை. அமெரிக்காவில் பல கொரியர்கள் முதல் திரட்டியது 'கே' என்னும் முறையில். நம் ஏலச்சீட்டுக்கு உறவுமுறை என்று சொல்லலாம்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. லில்பர்ன் என்ற ஊரில் பள்ளிவாசல் விரிவாக்கத்துக்கு நகராட்சி அனுமதி மறுத்தது. 2011-ல் மத்திய அரசு தலையிட்ட பிறகே அனுமதி கிடைத்தது. 1818-ல் அமைந்த அந்தக் கவுண்டியின் ஆட்சிக் குழுவுக்கு வெள்ளையரல்லாதார் முதன்முதலாகத் தேர்வானது 2018-ல்தான். ஆட்சி மன்றம் ஏற்கும் முன்பே புதியவர்களைக் கல்லாப்பெட்டி ஏற்றுக்கொண்டது!

நாம் செய்ய வேண்டியவை இவை:

1. புதிதாகக் குடிவந்தவர் கேட்டு, நம்மிடம் இல்லாத பொருள்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று முறை கேட்கப்பட்டதைச் சிறிய அளவில் கொள்முதல் செய்து பாருங்கள்.

2. அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வேலைக்கு வையுங்கள்.

3. பழகியவருக்கும் புதியவருக்கும் ஒரே விலை, ஒரே எடை. இதில் பிசகினால் போன வாடிக்கை திரும்பாது.

4. பழைய வாடிக்கையாளரின் சரக்கைக் குறைக்காதீர்கள்.

ஊர் மாறுவதை நாம் தடுக்க முடியாது. வருகிறவரை முகமலர்ந்து வரவேற்பது நம் கையில் இருக்கிறது.