உபவாசம் என்னும் அருகிருப்பு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஏகாதசிதோறும் அடியார் பலருடைய உள்ளத்தில் எழும் ஐயம் ஒன்று உண்டு. எம்பெருமானை அடைவதற்கு எம்பெருமானே உபாயம் என்பது நம் பூர்வாசாரியர்கள் அறுதியிட்ட அர்த்தம். அங்ஙனமாயின், உண்ணாதிருப்பதற்கும் கண்விழித்திருப்பதற்கும் இங்கு என்ன இடம்? நம் பட்டினியைக் கண்டுதான் அவன் இரங்குவான் என்றால், அவனுடைய நிர்ஹேதுக கிருபைக்குக் குறை வாராதோ? பட்டினியால் ஆவது ஒன்றுமில்லை என்றால், பெரியோர் இதனை விடாமல் அநுஷ்டித்து வந்தது ஏன்?

இதற்கு விடை திருப்பாவையிலேயே உள்ளது. நோன்புக்குரிய நியமங்களை ஆண்டாள் 2-ஆம் பாசுரத்தில் அருளிச்செய்கிறாள். நெய்யும் பாலும் விடப்படுகின்றன. மையும் மலரும் விடப்படுகின்றன. ஆனால் அடைவைக் கவனிக்கவேண்டும். பாற்கடலில் கண்வளரும் பெருமானுடைய திருவடிகளைப் பாடுவது முதலில் வருகிறது. உணவை விடுவது அதன் பின்னரே வருகிறது. உணவை விட்டால் அவனைப் பாடும் தகுதி உண்டாகும் என்று அவள் கூறவில்லை. அவனைப் பாடத் தொடங்கியவர்களுக்கு நெய்யிலும் பாலிலும் நெஞ்சு செல்லவில்லை. குழந்தை நோயுற்றிருக்கும்போது தாய் உண்ண மறக்கிறாள். அது குழந்தைக்கு அவள் செலுத்தும் விலை அன்று. ஆய்ச்சியர் நோன்பும் அத்தகையதே.

விட்டவை எங்கே போயின? 27-ஆம் பாசுரத்தில் அவை திரும்பி வருகின்றன. அணிகலன்களும் ஆடையும் வருகின்றன. பாற்சோறும், அதனை மூடிக் கைவழியே வழியும் நெய்யும் வருகின்றன. அங்கும் உண்டியின் சுவை தலைமையாகச் சொல்லப்படவில்லை. கண்ணனோடு எல்லாரும் சேர்ந்து இருந்து உள்ளம் குளிர்வதே சொல்லப்படுகிறது. அவனைப் பிரிந்திருந்தபோது உண்ணாமை தக்கதாயிற்று. அவனோடு கூடியபோது உண்டலே தக்கதாயிற்று. இரண்டுக்கும் பொருள் அவனுடைய அருகாமையே.

அடுத்த பாசுரத்தில் ஆய்ச்சியர், தாங்கள் பசுக்களின் பின்சென்று காட்டில் உண்பவர்கள், அறிவு ஒன்றும் இல்லாதவர்கள் என்று விண்ணப்பம் செய்கிறார்கள். மார்கழி முழுதும் நோற்றவர்கள், பலன் கேட்கும் வேளையில் நோன்பைக் கைம்முதலாகக் காட்டவில்லை! அவன் தங்கள் குலத்தில் வந்து பிறந்ததையே தங்கள் புண்ணியமாகக் காட்டினார்கள். 29-ஆம் பாசுரத்தில் பறையும் விலகி, எப்பிறவியிலும் அவனுக்குச் செய்யும் கைங்கர்யம் ஒன்றே நிற்கிறது. நம் சம்பிரதாயம் விடச் சொல்வது நோன்பை அன்று. நோன்பில் உள்ள உபாய புத்தியை.

'உபவாசம்' என்ற சொல்லும் இதையே காட்டும். 'உப' என்றால் அருகில். 'வாஸம்' என்றால் இருத்தல். அருகிலிருத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள்.

இவ்வர்த்தத்தை அநுஷ்டானத்தில் காட்டியவர் நம்பாடுவான். அவர் சரிதையை வராகப்பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்தார். அப்பிராட்டியே ஆண்டாளாக அவதரித்தாள் என்பர் பெரியோர். பராசர பட்டர் வியாக்கியானம் அருளிய இந்தக் கைசிக மாஹாத்மியம், கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசியில் திருவரங்கம் முதலிய திவ்யதேசங்களில் இன்றும் வாசிக்கப்படுகிறது.

உலகம் தாழ்ந்ததென்று ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர் நம்பாடுவான். ஏகாதசி விரதம் பூண்டு, இரவு முழுதும் கண்விழித்துத் திருக்குறுங்குடி நம்பியைப் பாடுவது அவர் வழக்கம். ஒருநாள் வழியில் பிரமராக்ஷஸன் ஒருவன் பசியோடு அவரைப் பிடித்துக்கொண்டான். இங்கே இருவரும் உண்ணாதவர்கள். ஒருவன் பசி பிறர் உடலைத் தேடியது. மற்றவர் பசி தம் உடலையும் பொருட்படுத்தவில்லை. பாடிவிட்டுத் திரும்பி வந்து உணவாகிறேன் என்று சபதங்கள் செய்து விடைபெற்றார், பாடினார், சொன்னபடியே விரைந்து திரும்பினார்.

அப்போது ராக்ஷஸன் அவர் உடலை வேண்டவில்லை; பாட்டின் பலனை வேண்டினான். முற்பிறவியில் யாகத்தைப் பிழைபடச் செய்து இந்நிலை எய்திய அந்தணன் அவன். நம்பாடுவான் முதலில் இசையவில்லை. அவன் திருவடிகளில் விழுந்து சரணம் புகுந்தபின், கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனை அளித்து அவனை உய்வித்தார். அந்த இரவின் பலனைத் தம் பேற்றுக்கு அவர் சேர்த்து வைத்திருக்கவில்லை. தம்மைத் தின்ன வந்தவனுக்கும் அது பயன்பட்டது. எட்ட நின்ற அவர் நம்பியைக் கண்ணாரக் காணும்படி கொடிமரம் விலகி நின்றது என்பது திருக்குறுங்குடி ஐதிகம். அருகே அழைத்துக்கொள்வது அவன் செயல் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, உடல் வலிமை உள்ளவர்கள் ஏகாதசியில் உண்ணாதிருப்பது உகப்பாகும். மறுநாள் துவாதசியில் உரிய வேளையில் பாரணை செய்வதும் அவன் ஆணையே. முதுமையாலோ நோயாலோ இயலாதவர்கள், பழமோ பாலோ ஏற்றுக்கொண்டதற்காகத் தாங்கள் அவனுக்குத் தூரமாகிவிட்டதாகக் கலங்கவேண்டா. வேற்று நாடுகளில் தொழில் நிமித்தம் முழுநாளும் நியமம் காக்க இயலாதவர்களும் அங்ஙனமே. ஒரு பதிகமேனும் நெஞ்சார அநுசந்திப்பதை மட்டும் விடாதிருக்கவேண்டும். முதலில் நிற்பது பாட்டே அன்றோ!

இன்னும் ஒன்று உண்டு. நெய்யை விடச் சொன்ன அதே பாசுரம் கோள் சொல்வதையும் விடச் சொல்கிறது. இயன்ற அளவும் ஈயவும் சொல்கிறது. தான் உண்ணாதிருந்து, உண்டவரைப் பழித்துப் பேசுமவன் அந்நோன்பைப் பாதியிலே முறித்தவனாவான். பாகவதரைப் பழித்த நாவோடு பகவானருகில் இருப்பது எங்ஙனம்?

வருகிற ஏகாதசியில் வயிறு பசிக்கும்போது, "இத்தனை மணி நேரம் கழிந்தது" என்று எண்ணாமல், அவன் திருநாமத்தைச் சொல்லி அப்பசியை அவனை நினைப்பூட்டும் துணையாகக் கொள்வோம். அருகில் இருப்பவன் அவன். அதை நாம் மறவாதிருக்கும் நாளே உபவாச நாள்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்