கிருமி நோய்களுக்கு மருந்து கொடுக்கும் விதம்

கிருமிகளால் உண்டாகும் வியாதிகளுக்கு இக்காலத்தில் நல்ல மருந்துகள் பல இருக்கின்றன. முற்காலத்து ஜனங்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. 1809-ம் வருஷம் முதல் 1811-ம் வருஷம் வரையில் கோயமுத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் கொடிய சுரம் ஒன்று பரவி எண்ணிறந்தவர்களை மாய்த்தது. அதன் காரணங்களைப் பற்றி எயின்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்னும் மூவர் எழுதிய அறிக்கை 1816-ம் வருஷத்தில் லண்டனில் அச்சாயிற்று. சுரங்களை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றையேனும் அன்று எவரும் கண்டதில்லை. மலைச்சுரக் கிருமியை லாவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்டது 1880-ம் வருஷத்தில்தான்.

இன்று கிருமியும் தெரியும்; மருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. ஆயினும் சிலருக்கு நோய் தீராமலும், தீர்ந்தது திரும்பியும் வருகிறது. இதற்கு மருந்தின்மீது பழி சொல்வது வழக்கம். விசாரித்துப் பார்த்தால், மருந்தை நோயாளியின் கையில் கொடுத்தபின் அது ஒழுங்காக உள்ளே போயிற்றா, போனபின் உடம்பில் என்ன மாறுதல் உண்டாயிற்று என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை என்பது பல இடங்களில் வெளியாகும். இப்படிக் கவனிப்பதே தாதியின் வேலை. மருந்து பெரும்பாலும் வீட்டிலேயே உட்கொள்ளப்படுவதால், தாய், மனைவி, அண்டை வீட்டார் ஆகியோரும் இவ்வேலையில் பாதியை ஏற்க வேண்டியவர்களாகிறார்கள்.

இவ்விஷயத்தில் உலகத்துக்கே பாடம் கற்பித்தது சென்னைப் பட்டணம். காசநோயாளி என்றால் சானடோரியத்தில் படுக்கையில் கிடந்து, நல்ல காற்றும் பாலும் முட்டையும் பெற்றால்தான் பிழைப்பார் என்று 1950-களில் பெரும்பாலோர் நம்பினர். நாட்டிலிருந்த நோயாளிகளின் தொகைக்கு அத்தனை படுக்கைகள் கிடைப்பது நடவாத காரியம். ஆகவே 1956-ம் வருஷத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் ஒரு சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் ஆராய்ச்சியை நடத்தினார். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் தங்கள் நெருக்கமான வீடுகளிலுமாக, ஐஸோனியாஸிட், பாஸ் என்னும் இரண்டு மருந்துகளை ஒரு வருஷம் சாப்பிட்டனர்.

வருஷ முடிவில் சானடோரியத்தாரில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டிலிருந்தாரில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய சமமாகவே இருந்தனர். வீட்டிலிருந்தவர்கள் உண்ட உணவு மட்டம். அவர்களுக்குக் கிடைத்த ஓய்வும் குறைவு. ஆயினும் அவர்களுடன் வசித்த குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகப் பற்றவில்லை.

இம்முடிவைக் கேட்டு வீட்டிலே மருந்து சாப்பிட்டால் போதும், கவனிப்பு வேண்டாம் என்று எண்ணுபவர் பாடத்தைத் தலைகீழாகப் படிப்பவராவர். அந்த நிலையத்தார் வீட்டு நோயாளிகளைச் சும்மா விடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். அப்படியும் சிலர் மருந்தை வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் வைத்திருந்தது தெரிந்தது. ஆகையால் தாதியின் கண்ணெதிரிலேயே மருந்தை விழுங்கச் செய்யும் முறையை அதே நிலையத்தார் சோதித்து, 1964-ம் வருஷத்தில் அதன் பலனை வெளியிட்டனர். பிற்காலத்தில் பல தேசங்கள் கைக்கொண்ட நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இதுவும் ஒரு வித்து.

ஒரே நோய்க்கு மூன்று நான்கு மருந்துகள் எதற்கு என்று கேட்பவர் உண்டு. ஒரு நோயாளியின் சுவாசப்பையில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் சில, இயற்கையிலேயே ஒரு மருந்துக்குச் சாகாதவை. அந்த ஒரு மருந்தை மாத்திரம் கொடுத்தால் மற்றவை மடிந்து, சாகாதவை பெருகிவிடும். இரண்டாவது மருந்தும் கூடவே சென்றால், முதல் மருந்துக்குத் தப்பியதை அது பிடித்துக்கொள்ளும். பாதியில் நிறுத்துவது வயலில் கோரையின் தலையை அறுத்துக் கிழங்கை மண்ணில் விடுவது போலத்தான். ஆனால் காசக் கிருமி கோரையினும் பொல்லாதது; கோரை சொந்த வயலோடு நிற்கும், மருந்துக்கு அடங்காத கிருமியோ இருமலோடு அடுத்த வீட்டுக்கும் போகும். ஆதலால், வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒரு மாத்திரையைத் தள்ளி மற்றதை விழுங்கும் வழக்கம் அபாயமானது. தற்காலத்தில் பல மருந்துகளை ஒரே மாத்திரையாகச் செய்து, நோயாளியின் எடைக்குத் தக்கபடி தினந்தோறும் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். தாமிரவருணிப் பாசனத்துக் குடியானவர் ஒருவர் பாபநாசத்தில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்தில் மருந்து தொடங்கினால், பிசான நடவு முடியும் வரையில் அது நீடிக்கும். இடையில் ஆகஸ்டு மாதத்திலேயே இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பும் தேறிவிடும். அறுவடை வேலை அப்போதுதான் வரும். மருந்தை விடும் காலமும் பெரும்பாலும் அதுவே. முக்கூடல், மேலப்பாளையம் முதலிய ஊர்களில் பீடி சுற்றும் பெண்களுக்கோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் காலைப்பொழுதெல்லாம் கூலி நஷ்டமே. இவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. மருந்து கொடுப்பவர் அவர்கள் வாசலுக்குப் போவதுதான் வழி.

மருந்து ஆரம்பிக்குமுன் நோயாளியின் நிலைமையை அளந்து பார்ப்பது முதற் கடமை. 2022-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதற்கு எளிய முறை வகுத்திருக்கிறது. தாதி எடையும் உயரமும் எடுத்து, உடல் மிகவும் மெலிந்திருக்கிறதா, கால்களில் வீக்கம் உண்டா என்று பார்க்கிறார். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். விரலில் கருவி வைத்து இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கிறார். நோயாளி பிடிமானமின்றி எழுந்து நிற்கிறாரா என்று கவனிக்கிறார். மூச்சு 24-க்கு மேற்பட்டாலும், பிராணவாயு 94-க்குக் குறைந்தாலும், நிற்க முடியாவிட்டாலும் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பெரிய இயந்திரம் ஒன்றும் இதற்கு வேண்டியதில்லை. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இறப்பவர் பலராகையால், ஐந்து நிமிஷத்தில் முடியும் இச்சோதனை உயிர்காப்பதாகும்.

மருந்து தொடங்கியபின் வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை சில. ரிபாம்பிஸின் என்னும் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அது வெறும் மருந்தின் நிறமே. முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிட்டால் அச்சம் நேராது. கைகால்களில் மதமதப்பும் எரிச்சலும் ஐஸோனியாஸிட்டால் உண்டாகலாம். அதற்கு வேறு ஒரு வைட்டமின் மாத்திரை கொடுப்பார்கள். மூட்டுவலியையும் தாதியிடம் சொல்ல வேண்டும். ஆனால் கண் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, உணவில் அடியோடு வெறுப்பு ஆகியவை ஈரல் கெடுவதன் அடையாளங்கள். அப்போது மருந்தை நிறுத்தி, அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். பார்வை மங்கினாலும், சிவப்புக்கும் பச்சைக்கும் வேற்றுமை தெரியாவிட்டாலும் எத்தாம்புட்டால் காரணமாயிருக்கலாம்; இதிலும் தாமதம் கூடாது. சாராயம் ஈரலின் சத்துரு. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், ரிபாம்பிஸின் அதன் பலத்தைக் குறைக்கும் என்பதையும் அறிந்து, வேறு முறையைத் தாதியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி மருந்துகளில் பென்ஸிலினுக்குத் தனி ஜாக்கிரதை வேண்டும். இருதய வாதநோய் கண்ட சிறுவர்களுக்கு மூன்று வாரத்துக்கொருமுறை இதைப் போடுவது வழக்கம். முன்பு எந்த மருந்தினாலாவது தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் உண்டானதா என்று தாதி கேட்கும்போது, வீட்டார் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ் போய்விடும் என்று உடனே கிளம்புவது பெருந்தவறு. கேடு வருவதாயின் பெரும்பாலும் அந்த அரைமணிக்குள் வரும், மாற்று மருந்தும் அங்கேதான் இருக்கும். ஒவ்வாத மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி நோயாளியிடம் வைத்திருப்பது நலம்.

குழந்தைகளுக்குத் தூளாக வரும் மருந்துப் புட்டியில் காய்ச்சி ஆறிய நீரைக் குறித்த கோடு வரையில் விட்டுக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியபின் கோட்டுக்குக் கீழே நின்றால் மறுபடி விட வேண்டும். ஒவ்வொரு வேளையும் குலுக்கியே கொடுக்க வேண்டும்; இல்லையேல் முதல் நாளில் வெறும் நீரும் கடைசி நாளில் மருந்தின் மண்டியுமாகக் குழந்தைக்குப் போகும். அளவுக்குப் புட்டியுடன் வரும் மூடியையே கொள்க. வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோலொன்று இரா. பாட்டிமார் பாலாடையில் மருந்து புகட்டுவதில் குற்றமில்லை, மூடியில் அளந்து பின் பாலாடையில் ஊற்றினால். கரைத்த மருந்தைச் சீட்டில் கண்ட நாளுக்குமேல் வைத்திருக்கலாகாது. மீதியைத் தம்பிக்கு என்று எடுத்து வைப்பதும் தகாது.

தண்ணீராகப் போகும் பேதிக்குப் பெரும்பாலும் கிருமிநாச மாத்திரை வேண்டுவதில்லை. உயிரைக் காப்பது உப்புச் சர்க்கரைக் கரைசலே. விஷபேதியிலும் அதுவே முதல், மாத்திரை அதற்குத் துணை. மலத்தில் இரத்தம் கண்டால் வைத்தியரிடம் செல்க. உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிஸைக்ளினை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும்; இரும்புச்சத்து மாத்திரையை அதனுடன் சேர்க்கலாகாது; கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மலைச்சுரத்துக்கு 14 நாள் கொடுக்கும் பிரைமாக்வினால் சிறுநீர் கறுத்தால், அது ரிபாம்பிஸினின் நிறம் போலன்று; உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி ஐக்கிய சங்கங்கள் செய்யக்கூடியவை. கூட்டுறவு மருந்தகம் நடத்தும் சங்கங்கள், பல கிருமிநாச மருந்துகளையும் காசநோய் மருந்துகளையும் வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்றும், விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டுமென்றும் 2014-ம் வருஷம் முதல் அமலிலுள்ள விதியை அறியும். தெரிந்த அங்கத்தினர் கேட்கிறாரே என்று இரண்டு மாத்திரை கிள்ளிக் கொடுப்பது உபகாரமன்று. காசநோயாளியின் உணவுக்காக அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். இத்தொகை வங்கிக் கணக்கில் சேர்வதால், கணக்கில்லாத அங்கத்தினருக்குக் காரியதரிசி உதவலாம். 2022-ம் வருஷத்தில் ஏற்பட்ட 'நிக்ஷய் மித்ரா' திட்டப்படி, கூட்டுறவுச் சங்கங்களே நோயாளிகளை ஏற்று உணவுப் பொருள் கொடுக்கவும் இடமுண்டு. பருப்பு, எண்ணெய், கடலை இவை சங்கக் கிடங்குகளுக்குப் புதியவையல்ல.

வேலைக்காகத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போகும் நோயாளிகளால் வரும் சிக்கல் ஒன்று மிகுந்திருக்கிறது. அவர்கள் கையில் ஒரு மாத மாத்திரையோடு புறப்பட்டு, அது தீர்ந்ததும் நின்றுவிடுகிறார்கள். புறப்படுமுன் தம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் போகுமிடத்தைச் சொன்னால், அவர்கள் பெயரை அவ்விடத்து நிலையத்துக்கு மாற்றுவார்கள். மீதி மருந்து அங்கே இலவசமாகவே கிடைக்கும். வழிச்செலவுக்கு அங்கத்தினர் எவரேனும் சங்கத்தில் கடன் கேட்கும்போது, வீட்டில் யாராவது மருந்து சாப்பிடுகிறார்களா என்று காரியதரிசி ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.