கால்பந்துப் போட்டியும் புதிய டி.வி.யும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நெருங்கும்போதெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடைகளில் கூட்டம் சேர்வதும், பெட்டியின் அட்டையில் அச்சிட்ட எண்களை நம்பி வாங்குவோர் முடிவெடுப்பதும் பல நாடுகளில் காணப்படும் வழக்கமாகும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளுக்கும் வழங்கப்பட்ட 2026ஆம் ஆண்டுப் போட்டி, ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 39 நாள்களும், 48 அணிகளும், 104 ஆட்டங்களும் கொண்டதாக வகுக்கப்பட்டது. 2022இல் கத்தாரில் நடந்த போட்டியில் 32 அணிகளும் 64 ஆட்டங்களுமே இருந்தன. போட்டி பெரிதாகப் பெரிதாக, அதைக் காட்டி விற்கப்படும் பொருளின் மீதான எதிர்பார்ப்பும் வளர்கிறது. வேலூருக்குத் தெற்கே திருவண்ணாமலை சாலையில் உள்ள கணியம்பாடியிலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பரந்து கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்திலும், காலணித் தொழிற்சாலைச் சம்பளத்தையோ நகரத்துக் கடை வேலையையோ நம்பி வாழும் குடும்பத்துக்குப் புதிய டி.வி. என்பது மாதச் சம்பளத்தைக் கடந்து செல்லும் செலவு. ஆகவே தவறான நம்பிக்கையால் வரும் இழப்பும் அக்குடும்பத்துக்குப் பெரிது. அத்தகைய நம்பிக்கைகள் சில இங்கே ஒவ்வொன்றாக ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை 1: 4கே பெட்டி வாங்கிவிட்டால் ஆட்டமும் 4கே தெளிவில் தெரியும்.

உண்மை: திரையில் தெரியும் தெளிவை முதலில் தீர்மானிப்பது வீட்டுக்குள் வந்து சேரும் ஒளிபரப்புதான், பெட்டி அதற்கு அடுத்ததே. டிஜிட்டல் படம் என்பது பிக்சல் எனப்படும் நுண்ணிய படப்புள்ளிகளின் தொகுப்பு. சாதாரண எஸ்.டி. சேனலின் ஒரு படத்தில் 720க்கு 576 என 4.15 லட்சம் புள்ளிகளும், எச்.டி. சேனலில் 1920க்கு 1080 என ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகளும், 4கே ஒளிபரப்பில் 3840க்கு 2160 என ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகளும் உள்ளன. எஸ்.டி. வகை செட்-டாப் பாக்ஸை 4கே பெட்டியோடு இணைத்தால், திரையின் ஒவ்வொரு 20 புள்ளிகளிலும் ஒன்றுக்கு உரிய தகவல் மட்டுமே வெளியிலிருந்து வருகிறது. எஞ்சிய 19 புள்ளிகளையும் பெட்டிக்குள் இருக்கும் சில்லு, பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுகளுக்கு வந்த 14 அங்குலப் பெட்டிகளில் எஸ்.டி. ஒளிபரப்பே போதிய தெளிவோடு தெரிந்தது. அதே ஒளிபரப்பை 55 அங்குலத் திரையில் பத்து மடங்குக்கும் அதிகமான பரப்பில் விரிக்கும்போது, திடல் முழுவதையும் காட்டும் தொலைவுக் காட்சிகளில் ஆட்டக்காரரின் முதுகு எண் கரைந்து, புல்தரை வெறும் பச்சைத் தீற்றலாகிவிடுகிறது. இங்கே குறை பெட்டியினுடையதன்று.

இரண்டாவதாகக் கணக்கில் கொள்ள வேண்டியது உட்கார்ந்து பார்க்கும் தூரம். குறையில்லாத கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையாத இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை மட்டுமே தனித்தனியாகப் பிரித்தறிய வல்லது என்பது பார்வை அளவியலின் அடிப்படை. அந்தக் கணக்கின்படி 43 அங்குலத் திரையில் ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பாலும், 55 அங்குலத் திரையில் ஏறத்தாழ ஏழு அடிக்கு அப்பாலும், 65 அங்குலத் திரையில் ஏறத்தாழ எட்டரை அடிக்கு அப்பாலும் அமர்ந்தால், முழு எச்.டி. படத்துக்கும் 4கே படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் காணாது. பத்து அடி நீளமுள்ள கூடத்தில் ஒரு சுவரில் திரையும் எதிர்ச்சுவரை ஒட்டி நாற்காலிகளும் இருந்தால், 43 அங்குல 4கே பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் கண்ணுக்கு எட்டுவதில்லை. எஸ்.டி.யிலிருந்து எச்.டி.க்கு மாறுவதோ அதே தூரத்திலும் பளிச்செனத் தெரியும். எனவே கடைக்குப் போவதற்கு முன் கேபிள்காரரிடம் எச்.டி. பாக்ஸ் கிடைக்குமா, விளையாட்டுச் சேனலின் எச்.டி. வடிவம் எந்தத் தொகுப்பில் வருகிறது என்று கேட்பதே முதல் வேலை.

நம்பிக்கை 2: ஹெர்ட்ஸ் எண் கூடக் கூடப் பந்து தெளிவாகத் தெரியும்.

உண்மை: ஒரு நொடியில் திரை எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே ஹெர்ட்ஸ் எண்ணால் குறிக்கப்படும் ரிஃப்ரெஷ் ரேட். இந்தியாவின் எச்.டி. சேனல்களில் கால்பந்து ஆட்டம் பொதுவாக நொடிக்கு 50 அசைவு நிலைகளாக வருகிறது. 120 ஹெர்ட்ஸ் திரையில் இட்டாலும் வந்து சேரும் நிலைகள் அதே 50தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்பட்ட பந்து நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் செல்வதால், அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையே அது ஏறத்தாழ 56 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. பந்தின் விட்டமோ 22 சென்டிமீட்டர். இந்த இடைவெளியில் இல்லாத படங்களைப் பெட்டியே கற்பித்துச் செருகும் முறைக்கு மோஷன் ஸ்மூத்திங் என்று பெயர். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் அது அசைவை வழுக்கலாக்கி உதவினாலும், வேகமாகப் பறக்கும் பந்தின் பாதையைத் தவறாக ஊகிக்கும்போது பந்தைச் சுற்றி ஒளிவளையம் தோன்றுவதும், ஆட்டக்காரரின் காலருகே பந்து கணநேரம் மறைந்துபோவதும் உண்டு. படத் தேர்வுப் பட்டியலில் அதைக் குறைத்துவைப்பதோ நிறுத்திவிடுவதோ எவராலும் இயலும்.

மேலும், அட்டையில் 'மோஷன் ரேட் 240' என்பது போல அச்சிடப்படும் எண், திரையின் உண்மையான வேகத்தைக் குறிப்பதன்று. வெவ்வேறு உத்திகளைக் கூட்டி நிறுவனம் தானே இட்டுக்கொண்ட மதிப்பீடு அது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு' என்பது ஒன்றே. வீடியோ விளையாட்டுக்கும் பயன்படுத்துவோர்க்கு 120 ஹெர்ட்ஸ் திரை பயன் தரும். ஆட்டம் பார்க்க மட்டும் என்றால், நல்ல 60 ஹெர்ட்ஸ் திரை போதுமானது.

நம்பிக்கை 3: கடையில் பளிச்சென்று தெரிவது வீட்டிலும் அப்படியே தெரியும்.

உண்மை: ஷோரூமின் கடுமையான விளக்கு வெளிச்சத்தில் மற்றப் பெட்டிகளை மிஞ்சித் தெரிவதற்காக, வண்ணமும் ஒளியும் உச்சத்தில் இருக்கும் 'விவிட்' அல்லது 'டைனமிக்' நிலையில் பெட்டிகள் வைக்கப்படுகின்றன. திரையில் ஓடுவதும் பூக்கள், பவளப்பாறைகள், நகரத்து இரவு விளக்குகள் என நிதானமாக நகரும் உயர்தரக் காட்சிகளே. கால்பந்து இவற்றுக்கு நேர்மாறானது: திரையின் பெரும்பகுதியை ஒரே பச்சை நிறம் அடைத்துக்கொள்ள, கேமரா இடமும் வலமும் ஓயாமல் திரும்புகிறது. திரையின் பின்னொளி சீராகப் பரவாத பெட்டியில் அந்தப் பச்சையின்மேல் அழுக்குப் படிந்ததுபோல் கருந்திட்டுகளும் நெடுக்குப் பட்டைகளும் தோன்றி, கேமரா திரும்பும்போது அவை மட்டும் நகராமல் நிற்கின்றன. கடையின் விளம்பரப் படத்தில் இக்குறை தெரியாது. பென் டிரைவில் ஒரு முழுப் பச்சைப் படத்தையும் ஒரு பழைய ஆட்டத்தின் சில நிமிடங்களையும் எடுத்துச் சென்று, வாங்கவிருக்கும் அதே பெட்டியில் ஓட்டிக் காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை.

அப்போதே பக்கவாட்டில் நின்றும், தரையில் அமரும் உயரத்துக்குக் குனிந்தும் பார்க்க வேண்டும். எல்.இ.டி. என விற்கப்படும் பெட்டிகள் யாவும், கியூ.எல்.இ.டி. உட்பட, பின்னொளியோடு கூடிய எல்.சி.டி. திரைகளே, அவற்றுள் வி.ஏ. வகைத் திரை இருட்டான காட்சிகளில் ஆழ்ந்த கருமையைத் தந்தாலும் பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் வெளிறுகிறது, ஐ.பி.எஸ். வகை பக்கவாட்டிலும் நிறம் மாறாமல் காட்டினாலும் கருமையில் பின்தங்குகிறது. ஒருவர் நாற்காலியிலும் நால்வர் பாயிலும் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை விற்பனையாளர் அறியமாட்டார். 2026 இறுதி ஆட்டத்துக்கு வகுக்கப்பட்ட நேரம் இந்தியக் கடிகாரப்படி நள்ளிரவு 12.30, அத்தகைய நேரத்தில், அரைகுறை வெளிச்சத்தில், 'விவிட்' நிலை கண்ணை வருத்துமேயன்றிப் படத்தைச் சிறப்பிக்காது.

நம்பிக்கை 4: ஸ்மார்ட் டி.வி. இருந்தால் கேபிள் தேவையில்லை. போன் ஹாட்ஸ்பாட்டே போதும்.

உண்மை: எச்.டி. தரத்தில் ஓடும் இணைய ஒளிபரப்பு நொடிக்கு 5 மெகாபிட் அளவில் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜி.பி. செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் கைபேசித் திட்டம், முதல் பாதி முடிந்து இரண்டாம் பாதி தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துவிடும். அன்றியும் இணைய ஒளிபரப்பு, துண்டுகளாகச் சேமித்து அனுப்பப்படுவதால், கேபிளையும் டி.டி.எச்.சையும் விடப் பெரும்பாலும் பல நொடிகள் பிந்தியே வருகிறது. பக்கத்து வீட்டில் கோல் முழக்கம் எழுந்த பிறகே இங்கே பந்து வலையைத் தொடுவதற்குக் காரணம் இதுவே. பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால் இக்குறைகளில் முதலாவது மட்டுமே நீங்கும்.

நம்பிக்கை 5: போட்டிக்கென வரும் புதிய தொழில்நுட்பத்தை அப்போதே வாங்கிவிட வேண்டும்.

உண்மை: 2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் 25 ஆட்டங்கள் முப்பரிமாண வடிவில் பதிவுசெய்யப்பட்டன, அப்போது போட்டியின் பங்குதாரராக இருந்த சோனி நிறுவனமும் பிற நிறுவனங்களும் கண்ணாடி அணிந்து பார்க்கும் 3டி பெட்டிகளை எதிர்காலமாக முன்வைத்தன. 2017க்குள் பெரிய நிறுவனங்கள் அவற்றின் உற்பத்தியையே கைவிட்டுவிட்டன. இன்று அட்டையில் காணும் எச்.டி.ஆர். என்ற சொல்லும் கவனத்துக்குரியது. ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வீச்சை விரித்துக் காட்டும் முறை அது. பின்னொளி வலுவற்ற மலிவுப் பெட்டிகள் அந்த ஒளிபரப்பை ஏற்றுக்கொள்ளுமே தவிர, அதன் வீச்சைக் காட்ட இயலாதவை. போட்டியின் சின்னம் பொறித்த பெட்டி என்பதும் விளம்பர ஒப்பந்தத்தின் அடையாளமேயன்றிக் கால்பந்துக்கெனத் தனியாகச் செய்த திரைக்குச் சான்றாகாது.

நம்பிக்கை 6: ஸ்டெபிலைசர் வாங்கிவிட்டால் பெட்டிக்கு ஆபத்தில்லை.

உண்மை: இன்றைய பெட்டிகளின் மின்வழங்கி, பரந்த மின்னழுத்த வரம்பில் தானே சரிசெய்துகொண்டு இயங்குமாறு அமைக்கப்பட்டது, அந்த வரம்பு பெட்டியின் பின்புறத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் மிகவும் தாறுமாறாக உள்ள வீடுகளுக்கு மட்டுமே ஸ்டெபிலைசர் தேவை. ஜூன், ஜூலை மாதங்களில் வேலூர் வட்டாரத்தில் மாலை வேளைகளில் இடியோடு பெய்யும் மழையே பெரிய பகை. மின்னலின் பாய்ச்சல் மின்கம்பி வழியாக மட்டுமன்றிக் கேபிள் வயர் வழியாகவும் செட்-டாப் பாக்ஸைக் கடந்து பெட்டிக்குள் நுழையும். இடி முழங்கும்போது பிளக்கையும் கேபிள் வயரையும் சேர்த்துக் கழற்றுவதே பாதுகாப்பு.

நம்பிக்கை 7: போட்டி நடக்கும் மாதத்தில்தான் விலை மிகக் குறைவு, வட்டியில்லாத் தவணையில் இழப்பே இல்லை.

உண்மை: தமிழ்நாட்டில் வீட்டு உபயோகப் பொருள்களின் பெரும் தள்ளுபடிகள் ஆடி மாதத்தையும், ஆயுத பூஜை முதல் தீபாவளி வரையுள்ள நாள்களையும் ஒட்டியே அமைகின்றன. அதிகபட்ச சில்லறை விலையை வெட்டிக் காட்டும் தள்ளுபடி ஒப்பீட்டுக்கு உதவாது. ஏனெனில் அவ்விலையில் பெட்டிகள் விற்கப்படுவதே அரிது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 25,000 ரூபாய் விலையுள்ள பெட்டி இதனால் 32,000 ரூபாயிலிருந்து 29,500 ரூபாய்க்கு இறங்கியது. இது எல்லா மாதத்துக்கும் உரிய குறைப்பு. பழைய விலையோடு ஒப்பிட்டு இதையே போட்டிக்காலச் சலுகையாகக் காட்டினால் வாங்குவோர் ஏற்க வேண்டியதில்லை.

தவணையைப் பொறுத்தவரை, முழுமையான வட்டியின்மை என்ற ஒன்று கிடையாது என்பதையும், வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணத்துக்குள் மறைக்கப்படுகிறது என்பதையும் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ஒரு பெட்டி ரொக்கத்துக்கு 28,500 ரூபாய்க்கும், பத்து மாதத் தவணையில் மாதம் 3,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது எனக் கொண்டால், இழந்த 1,500 ரூபாய்த் தள்ளுபடியே வட்டி. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 சதவீதம். அதன்மேல் 500 ரூபாய் செயலாக்கக் கட்டணமும் சேர்ந்தால் ஏறத்தாழ 15 சதவீதம். 'ரொக்கம் கொடுத்தால் என்ன விலை' என்ற ஒரு கேள்வி இவ்வளவையும் வெளிக்கொணர்ந்துவிடும். தொழிற்சாலைத் தொழிலாளர்க்குப் போனஸ் தீபாவளியை ஒட்டியே கைக்கு வருகிறது. தகுதியுள்ளோர்க்குச் சட்டப்படியான குறைந்தபட்ச அளவு 8.33 சதவீதம், அதாவது கணக்கில் கொள்ளப்படும் ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடு. ஜூனில் கடன் வாங்குவதற்கும் அக்டோபரில் ரொக்கம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு எச்.டி. பாக்ஸ் வாங்குவதற்குப் பெரிதும் உதவக்கூடியது.

வாங்கிய பெட்டி பழுதானதாக அமைந்தால், ரசீதும் கையெழுத்திட்ட உத்தரவாத அட்டையும் இருக்கும் பட்சத்தில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் தரலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது; ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் வாங்கினாலும் கணியம்பாடிக்காரர் வேலூரைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை.

மேற்கண்ட நம்பிக்கைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றே: பெட்டியை மட்டும் பார்த்து வீட்டைப் பார்க்காமல் முடிவெடுப்பது. வரும் ஒளிபரப்பின் தரம், அமரும் தூரம், அமர்வோர் எண்ணிக்கை, கையிலுள்ள ரொக்கம் ஆகிய நான்கையும் முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அதன் பிறகே கடைக்குச் செல்வது நன்று. போட்டி 39 நாளில் முடிந்துவிடும். பெட்டியோ பல ஆண்டுகள் அதே சுவரில் இருக்கப்போவது. ஏற்கெனவே உள்ள பெட்டி நன்றாக இயங்குமானால், எச்.டி. பாக்ஸை மட்டும் மாற்றி உலகக் கோப்பையைக் கண்டு களித்துவிட்டு, போனஸ் வந்த பிறகு நிதானமாகத் தேர்ந்தெடுப்பது உழைத்துச் சேர்த்த பணத்துக்குச் செய்யும் நியாயமாகும்.